பௌர்ணமி சம்பளத்துக்கு வெளியே

மேனேஜர் இருந்தார். அவர் பக்கத்தில் கணக்கு எழுத வந்த பெண் இருந்தாள். ஏணி மேல் ஏசி மாட்டுகிற ஆள் இருந்தார். பெஞ்சில் அக்கா. அக்காவுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம், சமுத்திரம் ஏரிப் பக்கமிருந்து வந்த ஒரு அம்மா. ஓனர் பெங்களூரில் இருந்தார். அவர் போனில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் புதிதாகக் கட்டிய கெஸ்ட் ஹவுஸ் அது. மூன்று மாடி. பெயிண்ட் வாசனை போகவில்லை. ரூம் வேலைக்கு மூன்று பேர் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வந்தது மூன்று பேர். அதனால் வேலை கிடைக்குமா என்ற பயம் யாருக்கும் இல்லை. எவ்வளவு என்பதுதான் பேச்சு. பேச்சு என்றால் அக்காதான்.

அக்காவின் பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்த ஊர் லாட்ஜுக்காரர்கள் எல்லாருக்கும் யார் என்று தெரிந்துவிடும். அது இன்னும் எங்காவது வேலை கேட்டுப் போகிற ஆள்தான்.

எனக்கு அக்காவை பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் இருந்து தெரியும். நான் அங்கே சேர்ந்த முதல் நாள், பெட்ஷீட் மடிக்க ஒரு முனையை என் கையில் கொடுத்தது. மறு முனையைப் பிடித்துக்கொண்டு கேட்டது.

"எவ்ளோனு சேந்த?"

பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. நான் சொன்னேன்.

"எனக்கு உன்னவிட ஆயிரம் ஜாஸ்தி. ஏன் தெரியுமா?"

"நீங்க சீனியருக்கா."

"சீனியரும் இல்ல ஒண்ணும் இல்ல. நீ வாயத் தொறக்கல. நான் தொறந்தேன். இழுத்துப் புடி, சுருங்குது பாரு."

எல்லாரிடமும் அக்கா இதைத்தான் கேட்கும். பஸ் கண்டக்டரிடம் கேட்கும். கோயில் வரிசையில் நிற்கிற செக்யூரிட்டியிடம் கேட்கும். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குக் கூட்டிப்போனது. ஊசி போட வந்த நர்ஸ் பெண்ணிடம், "உனக்கு எவ்ளோம்மா தராங்க?" என்றது. அந்தப் பெண் ஊசியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அக்கா மெதுவாகப் பேசாது.

"அவ்ளோதானா? அவரு ஒரு ஆளுக்கு முந்நூறு வாங்கறாரே!"

கதவு திறந்திருந்தது. டாக்டர் உள்ளே இருந்தார். நர்ஸ் அந்த ஊசியை எனக்கு வலிக்கிற மாதிரி போட்டாள். வெளியே வந்து நான் கோபப்பட்டேன். அக்கா சிரித்தது.

"உனக்கு வலிச்சாலும் அவளுக்கு நல்லதுடா. காதுல விழுந்திருக்கும் இல்ல?"

தன் சம்பளத்தையும் அப்படித்தான் சொல்லும். யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒரு மாதம் ஏறினால் ஏறினது என்று சொல்லும். பிடித்தால் பிடித்தது என்று சொல்லும். மூடி வைத்தால் முதலாளிக்குத்தான் வசதி என்று சொல்லும்.

இப்படிப்பட்ட ஆள் மார்க்கெட்டில் பேரம் பேசாது. கீரைக் கட்டு என்ன விலை சொன்னாலும் கொடுத்துவிடும். பூ முழம் போடுகிறவள் கையைச் சுருக்கிப் போட்டாலும் ஒன்றும் சொல்லாது. எனக்கு அது விளங்கவில்லை. கேட்டேன்.

"லாட்ஜுல அஞ்சு ரூவாய்க்கு அந்தப் பேச்சு பேசற. இங்க அப்படியே குடுக்கற?"

"அந்தப் பொம்பள காலையில மூணு மணிக்கு எழுந்து பறிச்சுட்டு வரா. அவ கூலிய நான் எதுக்குடா கொறைக்கணும்? எனக்கு என் கூலிதான் தெரியும். அத மட்டும் பேசுவேன்."

இன்னொன்றும் உண்டு. அக்கா சேரும்போது மட்டும்தான் கேட்கும். நடுவில் கேட்காது. பஸ் ஸ்டாண்டு லாட்ஜில் ஒரு பௌர்ணமிக்கு இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. எல்லா ரூமும் நிரம்பி, வராண்டாவிலும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஓனர் கைகால் ஓடாமல் நின்றார். நான் அக்காவிடம், இப்போது கேட்டால் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பான் என்றேன். அக்கா என்னை முறைத்தது.

"ஆளு தவிக்கற நேரத்துல கேட்டா அதுக்குப் பேரு கேக்கறதில்ல, புடுங்கறது. போய் வாளிய எடு."

அன்று நாங்கள் இரண்டு பேரும் நான்கு பேர் வேலையைச் செய்தோம்.

பௌர்ணமி என்றால் இந்த ஊரில் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். மலை சுற்ற ஜனம் வரும். லாட்ஜுக்காரனுக்கு ஒரே ரூமில் இரண்டு வாடகை, மூன்று வாடகை. ஒரு கூட்டம் குளித்துவிட்டுப் போகும். உடனே படுக்கை மாற்ற வேண்டும். அடுத்த கூட்டம் படியில் நிற்கும். அந்த இரண்டு நாளும் எங்களுக்கு லீவு கிடையாது, தூக்கம் கிடையாது, தனியாகக் காசும் கிடையாது. மாதச் சம்பளத்துக்குள் அது அடக்கம். நான் போன இடத்தில் எல்லாம் அப்படித்தான். யாரும் கேட்டதில்லை. அக்கா கேட்கும்.

கெஸ்ட் ஹவுஸிலும் கேட்டது.

மேனேஜர் சின்னப் பையன். முப்பது இருக்காது. சென்னையில் படித்தவர். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க எக்ஸ்பெக்டேஷன் என்னங்க?"

"தமிழ்ல கேளு கண்ணு."

கணக்கு எழுதும் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் சிரித்தார்.

"எவ்ளோ சம்பளம் எதிர்பார்க்கறீங்க?"

"நீங்க எவ்ளோ குடுக்கலாம்னு இருக்கீங்க?"

"நீங்க சொல்லுங்கம்மா."

"கட்டடம் உங்களுது. ரூம் வாடகை இன்னானு உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க."

அக்கா முதலில் தொகை சொல்லாது. அதுதான் அதன் வழக்கம். மேனேஜர் பேனாவை உருட்டினார்.

"ஒன்பதாயிரம். மூணு பேருக்கும் ஒரே சம்பளம்தான்."

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்தச் சும்மா இருப்பதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவரால் உட்கார்ந்திருக்க முடியாது. ஏசி ஆள் ட்ரில் மிஷினை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார்.

அந்தப் பக்கத்து அம்மா அக்கா காதில், "ஒன்பதே ஜாஸ்திதாம்மா. விடும்மா," என்றது. அந்தம்மா கையில் ஒரு மஞ்சள் பை இருந்தது. உள்ளே டிபன் பாக்ஸும், வேலைக்கு மாற்றிக்கொள்ள ஒரு பழைய புடவையும். அன்றே சேர்ந்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தது.

அக்கா அதன் கையை அமுக்கியது. "நீ சும்மா இரும்மா. உனக்கும் சேத்துத்தான் பேசறேன்."

பிறகு மேனேஜரிடம் கேட்டது.

"பௌர்ணமி உள்ளயா, வெளியயா?"

"புரியலைங்க."

அக்கா புரியவைத்தது. ரூம் வாடகை பௌர்ணமிக்கு எவ்வளவு ஏறும் என்று சொன்னது. ஒரு ரூமுக்கு எத்தனை தடவை படுக்கை மாற்ற வேண்டும் என்று சொன்னது. கார்த்திகை தீபம் வந்தால் என்ன ஆகும் என்று சொன்னது. கத்தவில்லை. கீரைக்காரியிடம் பேசுவது போலத்தான் பேசியது.

"அதனால பதினொண்ணு குடுங்க. பௌர்ணமி வெளிய. ஒரு பௌர்ணமிக்கு அறுநூறு."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசினார். தலையைத் தலையை ஆட்டினார். அக்கா என் தொடையில் தட்டியது. எனக்கு உள்ளே சந்தோஷமாக இருந்தது. பதினோராயிரம் நான் வாங்கினதே இல்லை. என் பெண்ணுக்குக் காலேஜ் வேன் பீஸ் நினைவு வந்தது.

மேனேஜர் வந்து உட்கார்ந்தார்.

"ஓனர் ஓகே சொல்லிட்டார். பதினோராயிரம். பௌர்ணமி அறுநூறு தனி."

அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டது.

"ஆனா ரெண்டு பேர் போதும்னு சொல்றார். நீங்க ரெண்டு பேரும் அனுபவம் உள்ளவங்க. அம்மா, உங்களுக்குப் போன் பண்றோம்."

 அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சார், நான் மூணு பேருக்குத்தான பேசினேன்."

"நீங்க சம்பளத்தப் பத்திப் பேசினீங்க. எத்தனை பேருன்றது எங்க விஷயங்க."

அவர் திமிராகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார்.  அக்கா மடியில் இருந்த பையை எடுத்துத் தரையில் வைத்தது.

அந்தம்மா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டது. நம்பர் கொடுத்தது. கணக்கு எழுதும் பெண் குறித்துக்கொண்டாள். போகும்போது அக்காவிடம், "நல்லாப் பேசினம்மா. எனக்கெல்லாம் வராது," என்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெச்சித்தான் சொன்னது. படியில் இறங்கும் சத்தம் கேட்டது. ஏசி ஆள் எங்களைப் பார்த்தார். அப்புறம் மறுபடி மிஷினைப் போட்டார்.

பஸ் ஸ்டாப்பில் அக்கா விரலை மடக்கியது.

"மூணு ஒம்போது இருபத்தேழு. ரெண்டு பதினொண்ணு இருபத்திரண்டு. அவனுக்குத்தான்டா லாபம். நம்மள வச்சு அந்தம்மாவத் தள்ளிட்டான்."

"நமக்கும் ரெண்டாயிரம் ஏறிச்சுல்லக்கா."

அக்கா என்னைப் பார்த்தது. பிறகு பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டது.

மூன்று மாடியை இரண்டு பேர் பார்த்தோம். வேலை கடினம்தான். அக்கா புலம்பவில்லை. ஆனால் ஒன்று நின்றுபோனது. புதிதாகச் சேர்ந்த சமையல்காரரிடம் அக்கா சம்பளம் கேட்கவில்லை. பால்காரரிடம் கேட்கவில்லை. நான் கிண்டல் செய்தேன்.

"இன்னாக்கா, வாய்க்கு லீவா?"

"மூடிட்டு பாத்ரூமப் பாரு."

முதல் சம்பளத்தோடு பௌர்ணமிக் காசு அறுநூறும் போனில் வந்து விழுந்தது. நான் மெசேஜைக் காட்டினேன். அக்கா தன் போனை எடுத்தே பார்க்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் காலை, வேலை முடித்து இரண்டு பேரும் கிரிவலப் பாதையில் நடந்து வந்தோம். ரோடு முழுக்க தட்டு, டம்ளர், வாழை இலை. குப்பை அள்ள அன்றைக்கு மட்டும் ஆள் பிடித்திருந்தார்கள். கையில் நீள விளக்குமாறு வைத்துக்கொண்டு ஒரு ஓரமாக அந்தம்மா நின்றது. நான் பார்க்காத மாதிரி போய்விடலாம் என்று நினைத்தேன். அந்தம்மாவே கூப்பிட்டது.

"நல்லா இருக்கீங்களா? வேல எப்படிம்மா போவுது?"

"போவுது," என்றது அக்கா.

"போன் வரும்னு இருக்கேன். நம்பர மாத்தல. துட்டு இல்லாட்டியும் ரீசார்ஜ் மட்டும் போட்டுடறேன். சார் கிட்ட ஞாபகப்படுத்தும்மா. நீ சொன்னா கேப்பாரு."

அக்கா சரி என்றது. அந்தம்மா எங்கள் காலுக்குக் கீழே கிடந்த இலையைக் கூட்டித் தள்ளி எங்களுக்கு வழி விட்டது.

அன்று மத்தியானமே அக்கா மேனேஜரிடம் போனது. நான் வாசலில் மாப் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அந்தம்மாவயும் சேருங்க சார். வேல தாங்கல."

"பட்ஜெட் இல்லைங்க. வேணும்னா உங்க ரெண்டு பேர் சம்பளத்த ஒன்பதாக்கிட்டு மூணாவது ஆள் எடுக்கலாம். உங்களுக்கு ஓகேவா?"

அக்கா வாசல் பக்கம் திரும்பியது. நான் மாப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிந்து முடித்தும் பிழிந்தேன். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பியது.

"வேணாம் சார். அவனுக்குப் பொண்ணு படிக்குது. நான் வேலய விட்டு நின்னுக்கறேன். என் இடத்துல அந்தம்மாவ எடுங்க. அதே பதினொண்ணு. பௌர்ணமி வெளிய."

"நீங்க எதுக்குங்க..."

"எடுப்பீங்களா, மாட்டீங்களா?"

"சரிங்க. எடுக்கறேன்."

மேனேஜருக்கு அதில் கஷ்டம் இல்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. கேட்கிற ஆள் போனால் யாருக்குத்தான் கஷ்டம்.

அக்கா தன் செருப்பையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு கிளம்பியது. கேட்டுக்கு வெளியே என்னிடம் சொன்னது இவ்வளவுதான்.

"அந்தம்மா வர அன்னிக்கு நீ முன்னாடியே பாரு. பதினோராயிரம்னு சொல்லி வை. அதுக்குக் கேக்கத் தெரியாது. கேட்டதும் கம்மியாச் சொல்லிடும்."

"சரிக்கா."

"உனக்கு எவ்ளோன்றதயும் சொல்லிடு. தெரிஞ்சாத்தான் வாய் வரும்."

"சொல்றேங்கா."

"அக்கா, உள்ள நான் ஒண்ணும் சொல்லாம நின்னது..." என்று ஆரம்பித்தேன். "போ, ரெண்டாவது மாடி பாக்கியிருக்கு," என்றது.

அந்தம்மா அடுத்த திங்கட்கிழமை வந்தது. அதே மஞ்சள் பை. கேட்டில் நான்தான் இருந்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தது. என் கையில் விபூதி கொடுத்தது. "சாமி கண்ணத் தொறந்துடுச்சு தம்பி," என்றது. மேனேஜர் அப்போது பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தார். சேரும்போது அவர் எங்களிடம் ஒன்று சொல்லியிருந்தார், சம்பளத்தை வெளியில் பேசக் கூடாது என்று. அக்கா அதைக் கேட்டுச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. விபூதியைப் பூசிக்கொண்டு, மேலே போங்கம்மா என்றேன்.

துவைத்த பெட்ஷீட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பெட்ஷீட் அலமாரி மேனேஜர் ரூமில்தான் இருந்தது.

"எவ்ளோம்மா எதிர்பார்க்கறீங்க?" என்றார் மேனேஜர்.

"நீங்க பாத்துக் குடுங்க சார். எட்டாயிரம் குடுத்தாலும் போதும்."

மேனேஜர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் பெட்ஷீட்டை அடுக்கினேன். வெள்ளை தனி, கலர் தனி.

"எட்டரையே போட்டுக்கறேம்மா," என்றார்.

அந்தம்மா கும்பிட்டது. பௌர்ணமி உள்ளேயா வெளியேயா என்று யாரும் கேட்கவில்லை.

நல்ல வேலைக்காரி. நான் பாத்ரூம் போவதற்குள் அதுவே கழுவி வைத்துவிடும். முட்டி வலிக்கும்போதும் மூன்றாவது மாடியை என்னிடம் விடாது. எனக்கும் சேர்த்துச் சோறு கொண்டுவரும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். எதிரே மலை. ஒரு நாள் டப்பா மூடியில் எனக்குத் தக்காளி சாதம் போட்டுக்கொண்டே கேட்டது.

"உனக்கு எவ்ளோ தம்பி தராங்க?"

சொன்னேன். அது தலையாட்டியது. இன்னொரு கரண்டி போட்டது.

அந்த வாரத்திலேயே அக்கா போன் செய்தது. வேங்கிக்கால் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலைக்குச் சேர்ந்திருந்தது. அங்கே எவ்வளவு பேசியது, எப்படிப் பேசியது என்று எப்போதும் போல முதலில் சொல்லும் என்று இருந்தேன். சொல்லவில்லை.

"அந்தம்மா போன் பண்ணுச்சுடா. எட்டரைக்கு சேந்துட்டேன், உன்னாலதாம்மானு அழுவுது."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீ முன்னாடியே சொல்லலியா?"

"மேனேஜர் நின்னாருக்கா."

"சரி. அப்புறமாவது கேட்டுச்சா உன்ன, உனக்கு எவ்ளோனு?"

"கேட்டுச்சு."

"சொன்னியா?"

"சொன்னேங்கா."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் யாரோ ஸ்ட்ரெச்சர் தள்ளும் சத்தம் கேட்டது. அக்கா சும்மா இருந்தது. அந்தச் சும்மா இருப்பது எனக்குத் தெரியும். எனக்கு எதிரே அது இருந்தது அதுதான் முதல் தடவை. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்டது; அந்தப் போனுக்கப்புறம் அக்கா என்னிடம் பேசியதில்லை.

"எவ்ளோனு சொன்ன?"

"எட்டாயிரத்து ஐநூறு."